வலக்கடியன் வந்த வழி

மீமிசல் கரையில் விடியற்காலை வலை உதறும்போது நண்டும் பாசியும் பொடிமீனும் ஒரே சிக்காகக் கிடக்கும். அன்று அந்தச் சிக்குக்குள் சாம்பல் நிறத்தில் ஒன்று நெளிந்தது. விலாங்கு என்று நினைத்துக் குனிந்தேன்.

"தம்பி, கைய எடு! வலக்கடியன் அது."

வலைக்காரப் பெரியவர் வலையோடு சேர்த்துக் கம்பால் தூக்கி, தண்ணீரில் அலசி அதை விட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "வாலப் பாத்தியா, துடுப்பு கணக்கா?" என்றார். கடற்பாம்பின் வால் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். விலாங்கின் வாலும் கொஞ்சம் தட்டைதான். ஆனால் அது வழவழவென்று இருக்கும், செவுள் துளை உண்டு, முதுகோடு துடுப்பு ஓடும். பாம்புக்குச் செதில் தெரியும், துடுப்பு கிடையாது. உப்பங்கழிச் சேற்றில் இன்னொரு பாம்பும் திரியும். அதன் வால் உருண்டு கூர்ந்திருக்கும், நஞ்சு மனிதருக்கு ஆபத்தானதல்ல. வலக்கடியனுக்கென்று தனி அடையாளமும் உண்டு. மேல்தாடை நுனி கிளிமூக்குபோல் கீழே வளைந்து நிற்கும். அதைச் சரிபார்க்கும் அளவுக்குக் கிட்டே போகாமலிருப்பதே நல்லது.

எனக்குப் பாம்பைவிடப் பெயர்தான் குடைந்தது. வலக்கடியன் என்றால் வலையைக் கடிப்பவன் என்றுதானே? பெரியவர் சிரித்தார். "அது கடிச்சா வலைக்கு என்ன ஆகப்போவுது? கழட்டுற கைக்குத்தான் ஆபத்து."

ஊர் திரும்பிப் பழைய ஊர்வன நூல்களைப் புரட்டியபோது ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். லண்டன் அருங்காட்சியகப் பாம்புகளுக்கு பூலாஞ்சே என்பவர் 1896இல் போட்ட பட்டியலில், இந்தப் பாம்பின் அறிவியல் பெயர் 'என்ஹைட்ரினா வலகாடியன்'. நம் கரையின் சொல், இலத்தீன் வேடத்தில்!

அங்கிருந்து பின்னோக்கிப் போனால் 1827. ஜெர்மானியர் போயே இதற்கு 'ஹைட்ரஸ் வலகாடின்' என்று பெயரிட்டிருந்தார். அவருக்கும் முன்னால் நிற்பவர் பேட்ரிக் ரஸ்ஸல். 1781இல் விசாகப்பட்டினம் வந்த ஸ்காட்லாந்து மருத்துவர். சோழமண்டலக் கரைப் பாம்புகள் பற்றி 1796இல் பெரிய படநூல் வெளியிட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயர்தான். ரஸ்ஸல் இலத்தீன் பெயர் சூட்டுபவர் அல்ல. கரையில் என்ன சொன்னார்களோ அதைக் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். 1801இலிருந்து வந்த நூலின் தொடர்ச்சியில் வலக்கடியனும் இடம்பிடித்தான். நம் கரையையே பார்த்திராத அறிஞர்களும் அந்த ஒலியை மேசையில் வைத்து எழுத்துக்கூட்டியிருக்க வேண்டும்.

பிறகு ஏன் அந்தப் பெயர் நிற்கவில்லை? 1803இலேயே பிரெஞ்சுக்காரர் தோதேன் 'ஹைட்ரோஃபிஸ் ஸ்கிஸ்டோசஸ்' என்று சூட்டியிருந்தார்; முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. அவர் விவரித்த பாம்பு கிடைத்த இடம் தரங்கம்பாடி. ஆக, தமிழ்ச் சொல் தோற்றாலும் பாம்பின் ஊர் தமிழ்க் கரையாகவே பதிவாகியிருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. ஆஸ்திரேலியக் கடலில் இதே கிளிமூக்கோடு இருந்த பாம்பையும் நெடுங்காலம் இதே இனம் என்றே எண்ணியிருந்தார்கள். 2013இல் இலங்கை ஆய்வாளர் கனிஷ்க உக்குவெல குழுவினர் மரபணுவைப் பார்த்து, இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்றார்கள். மூக்கு தனித்தனியே அப்படி வளைந்திருக்கிறது. பார்வை அறிஞர்களையே ஏமாற்றியிருக்கிறது. விலாங்கென்று குனிந்த நான் எம்மாத்திரம்.

ஆபத்து விஷயத்தில் மட்டும் ஐயமே இல்லை. பல் மிகச் சிறியது. கடித்த இடம் பெரிதாக வலிக்காது, வீங்காது. முள் குத்தியதென்று விட்டுவிடுவார்கள். சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசைவலி எடுக்கும், இமை சரியும், சிறுநீர் கறுத்துப்போகும். தசை சிதைந்து அதன் நிறமி சிறுநீரில் இறங்குவதால் வரும் வினை அது; சிறுநீரகத்தையும் அது அடைத்துக் கெடுக்கும். மலேயாவின் பினாங்கில் மீனவர்களுக்கு மருத்துவம் பார்த்த அலிஸ்டர் ரீட் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். கடிபட்டவர்களில் பலருக்கு நஞ்சு ஏறுவதே இல்லை என்பதும் அவர் கண்டதுதான்.

நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. அதற்கு வேண்டிய நஞ்சை வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. கடற்பாம்பு அந்தக் கணக்கில் இல்லை. ஆஸ்திரேலியாவில் கடற்பாம்புக்கென மருந்து செய்தார்கள். அதற்கு எடுத்ததும் வலக்கடியனின் நஞ்சுதான். இங்கே கடிபட்டால் கையை அசைக்காமல் கட்டை வைத்துக் கட்டி, செயற்கைச் சுவாசமும் டயாலிசிஸும் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை மீமிசல் போனபோது லண்டன் பட்டியலைப் பற்றிப் பெரியவரிடம் சொன்னேன். வலையின் கிழிசலில் ஊசியை ஓட்டிக்கொண்டே கேட்டார்: "அந்த ஊரு கடல்லயும் கெடக்கா?"

இல்லை, பேர் மட்டும்தான் போயிருக்கிறது என்றேன்.

"அப்ப சரி" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.