வாடகைக்கு ஓர் ஆற்றங்கரை

செவ்வாப்பேட்டைவாசிகளுக்கு ஆறு இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. ரயில் பாதைக்குத் தெற்கே, அரண்வாயல் பக்கமாகக் கூவம் போகிறது. 'கூவமா?' என்று நேயர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். சென்னைப் பட்டணத்தார் அறிந்த கூவம் வேறு. நம் பக்கத்துக் கூவம் வேறு. கடம்பத்தூருக்கு அப்பால் கூவம் என்றே பெயர் கொண்ட ஊர் ஒன்றும், அங்கே தேவாரப் பாடல் பெற்ற சிவஸ்தலம் ஒன்றும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் ஆற்றில் தண்ணீர் ஓடும். மற்றைய மாதங்களில் மணலும் முட்செடியுந்தான். ஆகவே வருஷத்தில் பெரும் பகுதி நாம் ஆற்றைப் பற்றிப் பேசுகிறவர்களே தவிர, ஆற்றைப் பார்க்கிறவர்கள் அல்ல.

இப்படிப்பட்டவர்களிடம் 'ஆற்றங்கரையில் மூன்று நாள் அமைதியாகத் தங்கலாம்' என்று ஒரு விளம்பரம் வந்தால் என்ன ஆகும்? பணம் கட்டிவிட்டோம். இடம் தஞ்சாவூர், ஆறு வெண்ணாறு. விடுதியின் பெயர் நேயர்களுக்கு வேண்டாம். 'பூட்டிக் ஹோட்டல்' என்று இந்நாளில் சொல்லப்படும் வகையைச் சேர்ந்தது. அறைகள் குறைவாகவும் வாடகை அதிகமாகவும் இருப்பது இவ்வகை விடுதியின் முதல் லட்சணம்.

நம் ஊர் வழியே செல்வது லேசுப்பட்ட ரயில் பாதை அல்ல. 1856-ஆம் வருஷம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் போட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையே அதுதான். அதில் ஏறிப் பட்டணம் சேர்ந்து, இரவில் உழவன் எக்ஸ்பிரஸைப் பிடித்தோம். பெயர் உழவனாயிருந்தாலும் நம் பெட்டியில் உழவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. கைப்பேசியில் சினிமாப் பார்க்கும் கனவான்கள் நிறைய இருந்தார்கள்.

விடுதியைப் பற்றிக் குறை சொல்லுவதற்கில்லை. திண்ணையில் மரத் தூண்கள், முற்றத்தில் துளசி மாடம், அறையில் பித்தளைச் செம்பு. நம் பாட்டனார் வீட்டில் இருந்து, நாம் பழைய சாமான்காரனிடம் எடைக்குப் போட்ட பொருள்கள் யாவும் அங்கே பத்திரமாக இருந்தன! "இதே செம்பை நீங்கள்தானே விற்றீர்கள்?" என்று நம் இல்லத்தரசி கேட்டாள். அது வேறு செம்பு என்று சாதித்தோம்.

புல்தரை மெள்ளச் சரிந்து ஆற்றில் இறங்கியது. ஓரத்தில் மூங்கில், மீன்கொத்திகள், கரையைத் தொட்டுக்கொண்டு புரட்டாசி மாதத்து வெண்ணாறு. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபோது, நாம் கட்டிய பணத்தில் பாதி அந்த க்ஷணமே செரித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் புல்தரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஓர் இரும்புக் கதவு இருந்தது. அதற்கு ஒரு பூட்டு. பிள்ளைகள் தவறி விழாமலிருப்பதற்காகவாம், நியாயந்தான். எதிர்க்கரையிலோ படித்துறைக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. பெண்கள் துணி துவைத்தார்கள். ஒரு கிழவர் மாட்டைக் குளிப்பாட்டினார். நாலைந்து சிறுவர்கள் குதித்து நீந்தினார்கள். பணம் கொடுத்தவர்கள் பூட்டிய கதவுக்கு இப்பால் உட்கார்ந்து, கொடாதவர்கள் குளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து ஆற்றையே முறைக்கும் ஜனங்களைக் கண்டு அந்தச் சிறுவர்களுக்குத்தான் வேடிக்கை தாங்கவில்லை.

பெரிய கோயிலைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. 1010-ஆம் வருஷம் முதல் எல்லாரும் பார்த்து வருவதை நாம் புதிதாகச் சொல்வானேன்? வெண்ணாற்றங்கரையிலேயே தஞ்சை மாமணிக் கோயில் இருக்கிறது. மூன்று சந்நிதிகள் சேர்ந்து ஒரு திவ்ய தேசமாக எண்ணப்படும் ஸ்தலம். அங்கே கூட்டமில்லை. அர்ச்சகர் நிதானமாகத் தீபம் காட்டினார்.

மூன்றாம் நாள் காலையில்தான் விசேஷம் நடந்தது. இரவோடிரவாக ஆறு இறங்கிவிட்டது. முதல் நாள் தண்ணீருக்குள் முழுகியிருந்த நாலு படிகள் வெளியே வந்து பாசியோடு பல்லிளித்தன. பக்கத்து அறைக் கனவான் நேரே மானேஜரிடம் போனார்.

"ஆறு நிறைந்திருக்கும் என்று படம் போட்டிருந்தீர்களே? நாங்கள் என்ன மணலைப் பார்க்கவா பணம் கொடுத்தோம்?" என்றார்.

மானேஜர் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு, காலைக் காப்பியுடன் ஒரு தட்டு அசோகா அல்வா அனுப்பினார். வெண்ணாற்றுக்கு ஈடாக அல்வாக் கொடுத்த வரலாறு வேறெங்கும் உண்டோ, அறியோம்.

தோட்டக்காரர் மூங்கில் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் விசாரித்தோம்.

"முறை மாத்திட்டாங்க, ஐயா. மேட்டூர்லே தண்ணி கொறைச்சல். கல்லணையிலேருந்து ஆறு நாள் வெண்ணாத்துக்கு விட்டா, ஆறு நாள் காவேரிக்கு விடுவாங்க. இங்கே எறங்கினா அங்கே ஏறும்."

அவர் முகத்தில் வருத்தமே இல்லை என்பதைக் கவனித்தோம். காரணம் பிறகு தெரிந்தது. திருவையாற்றுப் பக்கம், குடமுருட்டிப் பாசனத்தில் இரண்டு மா நிலம் குத்தகைக்குச் செய்கிறாராம். சம்பா நாற்று முற்றிப்போய் நடவுக்குக் காத்துக்கிடந்ததாம். "இங்கே ரூமுக்கு ஒரு நாளைக்கு எம்புட்டுங்க?" என்று கேட்டார். சொன்னோம். "அம்மாடி! எனக்கு ரெண்டு மாவுக்கும் நடவுக் கூலி ஆகும்" என்று சிரித்துவிட்டு, மறுபடி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார்.

வெண்ணாறு தன்னிச்சையாக ஓடும் ஆறு அல்ல. கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையில் காவிரியிடமிருந்து பிரிகிறது. தென்பெரம்பூரில் மறுபடி வெட்டாற்றுக்குப் பங்கு கொடுக்கிறது. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, அதன் கதவு திறந்தால்தான் ஓட்டம். ஜூன் 12-ஆந் தேதி திறப்பதும், ஜனவரி 28-ஆந் தேதி மூடுவதும் வழக்கம். தண்ணீர் போதாத வருஷத்தில் அதுவும் தவறும். வயலுக்குப் போகிற தண்ணீர் வழியில் நம் கண்ணுக்குப் பட்டது, அவ்வளவுதான். அதன்மேல் விடுதிக்காரருக்கும் அதிகாரமில்லை, பணம் கொடுத்த கனவானுக்கும் அதிகாரமில்லை.

உலகத்தில் இவ்விதம் ஆற்றையும் பழமையையும் சேர்த்து விற்கும் ஊர்கள் இன்னும் உண்டு. வியட்நாமில் தூபோன் ஆற்றங்கரையில் ஹோய் ஆன் இருக்கிறது. லாவோஸில் மேகோங் நதியும் நாம் கான் நதியும் கூடும் இடத்தில் லுவாங் பிரபாங் இருக்கிறது. 1995-ல் அந்நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அப்பால் வீடுகள் விடுதிகளாயின. பழைய குடும்பங்கள் பல, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியே குடியேறின. விடியற்காலையில் பிக்ஷுக்கள் பிக்ஷைக்கு வருகிறார்கள். அன்னமிடும் ஊராரைக் காட்டிலும் படம் பிடிக்கும் யாத்திரிகர் அதிகமென்று அங்குள்ளோரே குறைப்படுகிறார்கள். தஞ்சைக்கு அந்தக் கதி வரவில்லை. எதிர்க்கரைப் படித்துறை இன்னும் ஊராருடையதாகவே இருக்கிறது.

வழிப்போக்கரை வரவேற்பதில் தஞ்சாவூருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதுமில்லை. இராமேசுவரம் போகும் சாலை நெடுகிலும் மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி, முத்தாம்பாள் பெயரால் ஒரத்தநாட்டில் கட்டிய சத்திரம் அவற்றுள் பேர்பெற்றது. இந்தத் தர்மங்களுக்கு ஊறு நேரலாகாதென்று அவர் 1801-ல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜாதி பேதமின்றி வருகிறவர்களுக்கெல்லாம் அன்னம், குழந்தைகளுக்குப் பால், நோயாளிக்கு வைத்தியர், வழியில் பிரசவிக்கும் பெண்ணுக்குப் பராமரிப்பு, பெற்றோர் இறந்துபோன பிள்ளைகளுக்குப் படிப்பு என்று அதில் விவரம் போகிறது. வாடகை என்கிற பேச்சே அதில் இல்லை. சத்திரத்தில் பித்தளைச் செம்பும் உண்டு. அதற்கு எவரும் பழமையின் அழகு என்று பெயரிடவில்லை, தண்ணீர் குடித்தார்கள்.

இதையெல்லாம் இல்லத்தரசியிடம் விஸ்தரித்தோம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சத்திரத்திலே இந்த மெத்தை உண்டா?" என்றாள். அதற்குச் சரபோஜி மன்னரின் கடிதத்தில் பதில் காணவில்லை.

பிற்பகலில் மானேஜரிடம் கேட்டு இரும்புக் கதவைத் திறக்கச் சொன்னோம். இறங்கிய தண்ணீரில் பயமென்ன? உடனே சாவி வந்தது. முழங்கால் ஆழத்தில் நின்றோம். மணல் கால் விரல்களுக்கிடையே நழுவியது. எதிர்க்கரைச் சிறுவர்கள் ஓடி வந்து, எந்த இடத்தில் பள்ளம், எங்கே போகக் கூடாது என்று நமக்குக் கூவிக் கூவி வழி சொன்னார்கள். அறைக் கனவான் மேலே நாற்காலியிலேயே இருந்தார்.

மறுநாள் புறப்படும்போது தோட்டக்காரருக்கு ஏதாவது கொடுக்கலாமென்று தேடினோம். சருகு கூட்டாமல் கிடந்தது. மானேஜர் சற்று எரிச்சலோடு, "இன்றைக்கு அவர் வரவில்லை, ஸார். நடவாம்" என்றார்.