ரயில் வந்தால் சத்தம் கேட்கும்

இங்கிலாந்தில் பாத் நகரை ஒட்டி, கூம் டவுன் குன்றைக் குடைந்து 1874இல் ஒரு ரயில் சுரங்கத்தைத் திறந்தார்கள். நீளம் 1,672 மீட்டர். ஒற்றைத் தண்டவாளத்துக்கு மட்டுமான அகலம். புகை வெளியேற நடுவில் ஒரு துவாரம்கூடக் கிடையாது. 1929 நவம்பரில், அதற்குள் மெதுவாக ஊர்ந்து வந்த சரக்கு ரயிலின் ஓட்டுநரும் உதவியாளரும் புகையில் மூச்சுத்திணறி மயங்கினார்கள். இயக்க ஆளில்லாத வண்டி இறக்கத்தில் வேகமெடுத்து, பாத் சரக்கு நிலையத்தில் மோதியது. ஓட்டுநரோடு மூன்று பேர் இறந்தார்கள்.

1966இல் அந்த ரயில் பாதையை மூடிவிட்டார்கள். 2013 ஏப்ரலில் அதே சுரங்கம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. பக்கத்திலுள்ள டெவன்ஷயர் சுரங்கமும் அதே பாதையில்தான் வருகிறது.

கல்லூரி வேலையாக அந்தப் பக்கம் போயிருந்தபோது, ஒரு பிற்பகல் அதற்குள் தனியாக நடந்தேன். உள்ளே விளக்குகள் இருந்தன, தரை காய்ந்திருந்தது. ஆனாலும் என் உடம்பு ஊரில் பழகிய கணக்கையே போட்டது: இருப்பது இரண்டே வாசல்கள், எதிரே வருவது யார், பின்னால் கேட்கும் காலடி எவ்வளவு தூரத்தில்? நாயோடு பேசிக்கொண்டே இரண்டு வயதான பெண்கள் கடந்து போனார்கள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளியபடி ஒரு பெண் ஓடினாள். அதற்குப் பிறகுதான் என் தோள்கள் தளர்ந்தன. விளக்கு வழியைக் காட்டியது; தைரியம் தந்தவர்கள் அந்தப் பெண்கள். அந்த விளக்குகளும் இரவு 11 மணிக்கு அணைந்துவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊரிலும் தண்டவாளத்துக்கு அடியில் நடப்பதற்கு ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. டியூப்லைட் எரியாது, மழைத் தண்ணீர் வடியாது. மாலை வகுப்பு முடித்துப் போகும் என் மாணவிகள் அதில் இறங்குவதில்லை, தண்டவாளத்தையே தாண்டுகிறார்கள். நான் கண்டித்தபோது ஒருத்தி சொன்னாள்: "ரயில் வந்தா சத்தம் கேக்கும் மேடம். ஆளு வந்தா கேக்காது."

விதியை மீறுகிறார்கள் என்று அவளுக்கு அபராதம் போடலாம். அவள் கணக்கைத் தப்பென்று சொல்ல என்னால் முடியவில்லை. உள்ளே இருப்பவர்கள் எப்படி மூச்சுவிடுவார்கள் என்று கேட்காமலே கட்டிய சுரங்கம்தான் அந்த மூன்று பேரின் உயிரைப் பறித்தது. எங்கள் சுரங்கப்பாதையும் பெண்களைக் கேட்டுக் கட்டியது இல்லை. எரிகிற விளக்கு, தண்ணீர் நிற்காத தரை, வாசலில் ஒரு பூக்கடை, இரவிலும் பெண்கள் நடமாட்டம்: மாணவிகள் எழுதிய மனுவில் இவை நான்கும் இருக்கின்றன. கடைசிக் கோரிக்கையை எந்த அலுவலகமும் தனியாக நிறைவேற்ற முடியாது. அதற்கு நாம் போய் நடக்க வேண்டும்.