பூட்டு ஊரிலிருந்து ஒரு டிக்கெட்

திண்டுக்கல்னு சொன்னதும் ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்கிறது ரெண்டே கேள்வி. "பிரியாணி கொண்டுவந்தியா?", "பெட்டிக்கு ஒரு பூட்டு கிடைக்குமா?" ஏர்போர்ட் எங்கேன்னு இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டாலும் எங்க ஊர்ல கிடையாது, மதுரைக்குத்தான் போகணும். நாலு வழிச்சாலையில சின்னாளபட்டி, அம்பாத்துரை, கொடைரோடு, வாடிப்பட்டி, சமயநல்லூர் தாண்டி, மதுரைக்குள்ள நுழையாம வெளியே சுத்திப் போனா பெருங்குடி பக்கம் வந்துடும். இடது பக்கம் சிறுமலை ரொம்ப தூரம் கூடவே வரும். வலது பக்கம் தூரத்துல கொடைக்கானல் மலை, கிட்டத்துல பன்னீர் திராட்சைத் தோட்டம். பைக்ல போறவங்களுக்கு அருமையான ரூட்டு பாஸ்!

எங்க வீட்டுல மட்டும் அந்த ரோட்டைப் பத்திப் பேசினா 2020 வந்துடும்.

அப்போ நான் செகண்ட் இயர். அக்கா, மாமாவோட டெல்லியில. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானே? அதனால ஏழாம் மாசம் ஊருக்கு வந்து, வளைகாப்பு முடிச்சு, இங்கேயே தங்குறதா பிளான். நாகல்நகர்ல பூட்டுப் பட்டறை வேலை பார்க்கிற அப்பா, வாழ்க்கையில முதல்தடவையா பிளேன் டிக்கெட் எடுத்தார். பிப்ரவரியில, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிராவல்ஸ் கடையில, எட்டாயிரம் ரூபா. மார்ச் 29, டெல்லி – சென்னை – மதுரை. அந்த ஏ4 பேப்பரை பத்திரம் மாதிரி மடிச்சு சட்டைப் பையில வெச்சிருந்தார்.

மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவிச்சாங்க. உள்நாட்டு விமானம் அத்தனையும் அன்னிக்கு நடு ராத்திரியோட நின்னுச்சு. மறுநாள் அப்பா டிராவல்ஸ் கடைக்கு ஓடினார். ஷட்டர் இறங்கியிருந்தது. தொங்கினது நம்ம ஊர் பூட்டு. அவரே செஞ்சதாக்கூட இருக்கலாம்!

இனிமேதான் கணக்கு. மார்ச் 29 அன்னிக்கு அக்காவுக்கு 28 வாரம். கர்ப்பிணிகள் பறக்கிறதுக்கு ஏர்லைனுக்கு ஏர்லைன் ரூல் மாறும். ஆனா பெரும்பாலும் 28 வாரத்தை ஒட்டி டாக்டர் சர்டிபிகேட் கேட்க ஆரம்பிப்பாங்க, 36 வாரம் தாண்டினா ஏத்த மாட்டாங்க. ஆக, எங்க கையில எட்டு வாரம் இருந்தது.

ஊரடங்கு ஏப்ரல் 14-ல முடியும்னு நம்பி, மாமா ஆன்லைன்ல ஏப்ரல் 15-க்கு புது டிக்கெட் போட்டார். மே 3 வரைக்கும் நீட்டிச்சாங்க. அதுவும் கேன்சல். மே 4-க்குப் போடலாமான்னு யோசிக்கிறதுக்குள்ள, ஏப்ரல் 19-ல, மறு அறிவிப்பு வரைக்கும் டிக்கெட்டே விற்காதீங்கன்னு ஏர்லைன்களுக்கு டிஜிசிஏ உத்தரவு. மே 13-லேருந்து டெல்லி – சென்னை ஸ்பெஷல் ரயில் விட்டாங்க. ஒன்றரை நாள் ரயில், சென்னையில குவாரன்டைன், அதுக்கு மேல திண்டுக்கல் வர்ற தூரம்... டாக்டரம்மா ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க.

விமானம் திரும்ப ஓட ஆரம்பிச்சது மே 25. காலண்டரை எடுத்து எண்ணினா, அன்னிக்கு அக்காவுக்கு 36 வாரம், ஒரு நாள்.

அம்மா ஒண்ணும் பேசலை. சமையல்கட்டுலேருந்து வந்து, "அவ வர முடியாதுன்னா நான் போறேன்"னு மட்டும் சொன்னாங்க. பஸ்ல பழனி தாண்டி தனியா போகாத அம்மா!

இங்கேதான் இன்னொரு கூத்து. அக்காவோட பழைய டிக்கெட் காசு ஏர்லைன்லதானே இருக்கு, அதுல அம்மா போகலாமேன்னு கேட்டோம். முடியாதுன்னுட்டாங்க. அது 'கிரெடிட் ஷெல்'லாம். பணம் அங்கேயே இருக்கும், அதே பயணிதான் பறக்கணும். மாமா போட்ட ரெண்டாவது டிக்கெட்டுக்கோ முழுப் பணமும் திரும்பி வந்துடுச்சு. ஏன்னா, ஊரடங்கு நேரத்துல புக் பண்ணினதுக்கு ரீஃபண்ட் தரணும்னு ஏப்ரல் 16-ல அமைச்சகம் சொல்லியிருந்தது. அதுக்கு முன்னாடியே புக் பண்ணின அப்பாவுக்கு அது பொருந்தலை. முந்திக்கிட்டவருக்கு தண்டனை! அந்த ரூல்ல என்ன நியாயம்னு எனக்கு இன்னும் புரியலை.

அம்மாவுக்குப் புது டிக்கெட். டிக்கெட் விலைக்கு அரசாங்கம் உச்சவரம்பு வெச்சிருந்ததால தப்பிச்சோம். ஜூன் 5 விடியற்காலை வாடகை கார்ல கிளம்பினோம். அந்த ரோடு அவ்ளோ காலியா இருந்து நான் பார்த்ததே இல்லை. கொடைரோடுல டீக்கடை இல்லை, மாவட்ட எல்லையில காய்ச்சல் செக்கிங். ஒரே ஒரு பெட்டிதான் லக்கேஜ்ல போடலாம்கிறதால, வளைகாப்புக்கு வாங்கின கண்ணாடி வளையல் எல்லாத்தையும் சின்னாளபட்டி சுங்குடி சேலைக்குள்ள சுருட்டி வெச்சிருந்தாங்க. ஏர்போர்ட் வாசலோட எங்களை நிறுத்திட்டாங்க. முகத்துல பிளாஸ்டிக் ஷீல்டு மாட்டிக்கிட்டு அம்மா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும், அப்பா ரொம்ப நேரம் அங்கேயே நின்னார்.

டெல்லியில ஏழு நாள் தனிமை. ஒரே வீட்டுல, கதவுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அக்கா. எட்டாம் நாள், நாளும் பார்க்காம நட்சத்திரமும் பார்க்காம, வீடியோ கால்ல நாங்க பார்க்க வளைகாப்பு நடந்தது. வழியில மூணு வளையல்தான் உடைஞ்சிருந்தது. அடுத்த வாரம் பையன் பொறந்தான்.

அந்த எட்டாயிரம்? 2020 அக்டோபர் 1-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. கிரெடிட் ஷெல்லை 2021 மார்ச் 31 வரை எந்த ரூட்டுலயும் பயன்படுத்தலாம், வேற ஆளுக்கும் மாத்தலாம், மிச்சமிருந்தா பணமா திருப்பித் தரணும். ஜூன் வரைக்கும் மாசம் அரை சதவீதம், அப்புறம் முக்கால் சதவீதம் கூடுதலா சேரும். அதாவது மாசம் 40 ரூபா, ஜூலையிலேருந்து 60 ரூபா. எங்க தெரு சீட்டுக்காரர் கேட்டா சிரிப்பார். ஏஜென்ட் மூலமா எடுத்தது ஏஜென்ட் வழியாத்தான் திரும்பும்னும் தீர்ப்புல இருந்தது. (கடையில டிக்கெட் எடுக்கிற மக்களே, போன் நம்பர் இருக்கிற இடத்துல உங்க நம்பர் இருக்கான்னு பாருங்க. எங்க கேன்சல் எஸ்எம்எஸ் எல்லாம் கடைக்காரருக்குத்தான் போயிருக்கு!)

2021 பிப்ரவரியில அந்தக் காசுலதான் அக்கா மதுரையில வந்து இறங்கினா, மடியில எட்டு மாசப் பையனோட. அம்பாத்துரை தாண்டும்போது அவன் தாத்தா சட்டைப் பைக்குள்ள கையை விட்டு, மடிச்சு வெச்சிருந்த ஒரு பேப்பரை உருவி வாயில வெச்சான். மார்ச் 29-ன்னு பிரிண்ட் ஆன அதே ஏ4. நான் பிடுங்கப் போனேன்.

"விடுடா, அதான் வந்தாச்சுல்ல"ன்னார் அப்பா.