உப்பு ஆண்பால்

பிரெஞ்சில் உப்பு ஆண்பால், 'லெ செல்'. கடல் பெண்பால், 'லா மேர்'. அம்மாவுக்கும் இதே உச்சரிப்புதான், எழுத்தில் மட்டும் வேறுபாடு. மேசை பெண், சுவர் ஆண், வீடு பெண், அரிசி ஆண். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. சொல்லோடு 'லெ', 'லா'வையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்.

மகள் கல்லூரியில் பகுதி 1 மொழியாக பிரெஞ்சு எடுத்தாள். தமிழைவிட மதிப்பெண் வரும் என்பதுதான் காரணம், இதில் மறைக்க ஒன்றுமில்லை. அவளை ஒப்பிக்க வைக்க உட்கார்ந்ததில் எனக்கும் நூறு, நூற்றைம்பது சொல் வந்துவிட்டது. வேதாரண்யத்துக்காரிக்கு அதில் முதலில் உறைத்தது உப்புதான். அகஸ்தியன்பள்ளி உப்பளத்தில் என் அத்தை வெடித்த குதிகாலோடு உப்பு சுமந்தவள். சம்பளத்துக்குப் பிரெஞ்சில் 'சலேர்'. உப்பைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல், அதுவும் ஆண்பால். அத்தைக்கு ஆண் கூலியைவிடக் குறைவாகத்தான் கொடுத்தார்கள்.

பிரெஞ்சு எங்களுக்கு அந்நியமும் இல்லை. நாகப்பட்டினம் தாண்டினால் காரைக்கால். 1739இல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954இல்தான் விட்டுப்போனார்கள். அவர்கள் பட்டாளத்தில் இருந்தவர்களை அங்கே 'சொல்தா' என்பார்கள். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்களின் காதில் பிரெஞ்சு விழுந்தது மொழியாக அல்ல, 'பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை'யாக. பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெண் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அங்கே போய் ரொட்டி கேட்கத் தெரியுமா என்று யார் கேட்டார்கள்?

இலக்கணத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் பன்மை. நூறு பெண்கள் நின்றால் 'எல்', பெண்பால் 'அவர்கள்'. நடுவில் ஒரே ஒரு ஆண் வந்து நின்றால் அத்தனை பேரும் 'இல்', ஆண்பால். மொழிக்குக் காவலாக 1635இல் தொடங்கிய பிரெஞ்சு அகாதெமி, முதல் பெண்ணாக மார்கெரித் யூர்சனாரைத் தேர்ந்தெடுத்தது 1980இல். பெண் அமைச்சரை வெகுகாலம் 'மதாம் லெ மினிஸ்த்ர்' என்றே அழைத்தார்கள். ஆள் பெண், பதவி ஆண். பெண்கள் விடாமல் சண்டை போட்டார்கள். 'மத்மொசேல்' என்று கல்யாணமாகாதவளைத் தனியாகப் பிரித்துக் காட்டும் சொல் 2012இல் அரசுப் படிவங்களிலிருந்து போனது. தொழில்பெயர்களுக்குப் பெண்பால் வடிவங்களை அகாதெமி ஏற்றுக்கொண்டது 2019இல்.

நம் தமிழ் தேவலை என்றுதான் முதலில் நினைத்தேன். மேசைக்கும் சுவருக்கும் பால் ஒட்டாத மொழி, 'அவர்கள்' என்றால் எல்லோருக்கும் பொது. பிறகு எங்கள் வீட்டுப் பேச்சைக் கவனித்தேன். "அக்கா வந்துச்சு", "அத்தை சொல்லுச்சு". பிரெஞ்சு மேசைக்கே பெண்பால் கொடுக்கிறது, நாங்கள் பெண்ணையே அஃறிணையில் வைக்கிறோம். பாசத்தில் சொல்வதுதான், அப்பாவையும் சில வீடுகளில் அப்படிச் சொல்வதுண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேஸ்திரி "வந்துச்சு" ஆனதை நான் கேட்டதில்லை, அவர் எப்போதும் "வந்தாரு"தான்.

பிரெஞ்சிலும் நம்மைப் போல 'நீ', 'நீங்கள்' உண்டு: 'து', 'வூ'. அங்கே இன்று புருஷனும் பெண்டாட்டியும் பொதுவாக ஒருவரை ஒருவர் 'து' என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். இதைப் படித்ததும் மகள் என்னைப் பார்த்தாள். நான் இருபத்திரண்டு வருஷமாக அவள் அப்பாவை 'நீங்க' என்கிறேன், அவர் என்னை 'நீ' என்கிறார்.

'ஆள்' என்ற சொல்லுக்குத் தமிழில் பால் கிடையாது. நடவுக்கும் உப்பளத்துக்கும் கூலி பேசும்போது மட்டும் அது இரண்டாகப் பிரியும். "நாலு ஆளு, ஆறு பொம்பளை ஆளு" என்பார்கள். முதலில் சொன்ன நாலு பேரும் யார் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை.