தாவூத் ரங்கனும் தாராவிப் பையனும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆடிட் சீசன், அப்புறம் ஊரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் வழக்கமான சோம்பேறித்தனம். இந்தத் தீபாவளிக்குப் புனேயிலிருந்து வந்த பையன், பரணில் கிடந்த பிளேஸ்டேஷனை இறக்கித் தூசி தட்டி டிவியில் மாட்டினான். திரையில் அதே மொட்டைத் தலை, பின்மண்டையில் அதே பார்கோடு. "ஐயோ, இவன் மறுபடியும் வந்துட்டானா?" என்றாள் தங்கமணி. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கும், பொறுத்துக்குங்க.

ஆட்டத்தின் பெயர் ஹிட்மேன் 2. 2018 நவம்பரில் வந்தது. கோபன்ஹேகனில் இருக்கிற ஐஓ இன்டராக்டிவ் செய்தது. (இந்த வரிசையில் இரண்டு 'இரண்டு' உண்டு. 2002இல் வந்த பழைய இரண்டாம் பாகத்தில் பஞ்சாப் வரும். அதில் பொற்கோயில் மாதிரியே ஒரு இடத்தையும் சீக்கியர்களையும் காட்டப் போய், பெரிய எதிர்ப்பு கிளம்பி, பிறகு மாற்றினார்கள். நான் சொல்வது அதை அல்ல.) ஏஜென்ட் 47 என்று ஒரு கூலிக் கொலையாளி. ஊர் ஊராகப் போய், சொன்ன ஆளை மட்டும் முடித்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் திரும்ப வேண்டும். சுட்டுத் தள்ளிக்கொண்டே போகிற ஆட்டம் இல்லை. முக்கால்வாசி நேரம் நடப்பது, நிற்பது, ஒட்டுக் கேட்பது, எவனையாவது மயக்கம் போடவைத்து அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொள்வது. ஒருவரும் பார்க்காமல், குறிவைத்த ஆளைத் தவிர வேறு யாரையும் கொல்லாமல் முடித்தால் 'சைலண்ட் அசாசின்' என்று பட்டம்.

"இதுக்கா இத்தனை ஆயிரம்?" என்று 2019இல் நான் கேட்டேன். பையனுக்கு அப்போது பதினேழு வயசு, சயான் பக்கம் ஒரு ஜூனியர் காலேஜில் பன்னிரண்டாவது. "அப்பா, இதுல மும்பை வருதுப்பா" என்றான். அவ்வளவுதான், நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மும்பைக் கட்டம் நிஜமாகவே நன்றாக இருக்கும். சேரி, சால் வீடுகள், துணி வெளுக்கிற இடம், ஸ்கைவாக், கைவிடப்பட்ட ரயில் யார்டு, பாதி கட்டி நிற்கிற ஒரு கோபுரம். தீர்த்துக்கட்ட வேண்டியது மூன்று பேர். ரயில் யார்டில் ராணி மாதிரி வாழ்கிற வான்யா ஷா. கோபுரத்தில் தன்னையே ஹீரோவாகப் போட்டுப் படம் எடுக்கிற தயாரிப்பாளர். மூன்றாவது ஆள் மேல்ஸ்ட்ராம் என்கிற பழைய கடல் கொள்ளைக்காரன், நிஜப் பெயர் வசீர் காலே. மற்றவர்களைச் சுவர் தாண்டியும் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கிற வசதி இவனிடம் பலிக்காது. எப்படி இருப்பான் என்றே தெரியாது. கூட்டத்தில் ஒருத்தனாகச் சுற்றிக்கொண்டிருப்பான், நாம்தான் துப்புத் துலக்க வேண்டும். அந்தத் தயாரிப்பாளர் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேனே. தாவூத் ரங்கன்! முதல் பாதியைக் கேட்டால் மும்பை நடுங்கும், இரண்டாம் பாதியைக் கேட்டால் ஸ்ரீரங்கத்தில் சர்க்கரைப் பொங்கல் வாசனை வரும். டென்மார்க்கில் உட்கார்ந்துகொண்டு எந்த டெலிபோன் டைரக்டரியைப் புரட்டினார்களோ! அன்றைக்கு நானும் தங்கமணியும் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக் குஜராத்தி மாமி மேலே வந்துவிட்டாள்.

ஆபீசில் ஒரு பெங்காலி நண்பர், முதல் பாகத்தைக் கரைத்துக் குடித்தவர். "இது புது ஆட்டமே இல்லை, பழைய ஆட்டத்துக்குப் புது ஊர்கள் சேர்த்திருக்கிறார்கள்" என்று அலுத்துக்கொண்டார். பாதி நிஜம். 2016இல் வந்த முதல் பாகம் மாதத் தொடர்கதை மாதிரி ஒவ்வொரு ஊராக வந்தது. இது மொத்தமாக வந்துவிட்டது. புதர் உயரமாக இருந்தால் ஒளியலாம், கூட்டத்துக்குள் கலந்துவிட்டால் காவலாளிக்குத் தெரியாது, கண்ணாடியில் உன் உருவம் தெரிந்தால் முதுகு காட்டி நிற்பவனும் உன்னைப் பார்த்துவிடுவான். இதெல்லாம் புதுசு. நடுநடுவே கதை சொல்கிற காட்சிகள் மட்டும் அசையாத படங்களாக வரும், சீரியல் டைட்டில் மாதிரி. பையனுக்கு அதில் ஏகக் கடுப்பு.

எனக்குப் பிடித்தது வேஷம். ஆறடிக்கு மேல் உயரமான மொட்டை வெள்ளைக்காரர் சலவைக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு நடக்கிறார், ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் சில பேர் தலைக்கு மேல் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரியும். அவர்களிடம் வேஷம் செல்லாது. சலவைக்காரராகப் போனால் சலவை மேஸ்திரி கண்டுபிடித்துவிடுவார். அடியாளாகப் போனால் இன்னொரு அடியாள். ஊருக்கெல்லாம் தெரியாத பொய் சொந்த ஜனத்திடம் மாட்டிக்கொள்ளும்.

இங்கே தான் கொசுவத்தி. நான் மும்பை வந்தது 1996இல். மாட்டுங்காவில் மாமா வீட்டில் இறங்கினேன். அறுபதுகளின் கடைசியில் தென்னிந்தியர்களுக்கு எதிராக இந்த ஊரில் எழுந்த அலையைப் பார்த்தவர் அவர். கடை ஷட்டரை உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தாராம். முதல் நாளே எனக்கு உபதேசம்: "ட்ரெயின்ல தமிழ் பேப்பரை விரிக்காதே. சத்தமா தமிழ் பேசாதே. மராட்டி சீக்கிரம் கத்துக்கோ." நான் வந்த காலத்தில் அப்படி ஒன்றும் இல்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பையனுக்கு எந்த ஊரிலும் செல்லுபடியாகிற பெயராகப் பார்த்து வைத்தோம். வீட்டில் நாங்கள் தமிழ் பேசுவோம், அவன் ஹிந்தியில் பதில் சொல்வான். நாங்களும் விட்டுவிட்டோம்.

2019 தீபாவளி லீவில் காலேஜ் நண்பன் ஒருத்தனை ஆட்டம் ஆடக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒல்லியாக, துறுதுறுவென்று ஒரு பையன். வீடு தாராவி, 90 அடி ரோட்டுக்கு உள்ளே. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, பொய் சொல்வானேன். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் ஒரு ரயில் பாதைதான். இருபத்து மூன்று வருஷத்தில் நான் அந்தப் பக்கம் போனது மூன்றே தடவை, மூன்றும் லிங்க் ரோட்டில் தோல் பை, பெல்ட் வாங்க. கடையில் தமிழ்க் குரல் கேட்டபோதும் ஹிந்தியில்தான் பேரம் பேசினேன்.

அந்தப் பையன் மும்பைக் கட்டத்தைப் பார்த்த விதமே தனி. முதலில் வாயைப் பிளந்தான். பிறகு ஹிந்தியில் வரிசையாகக் குற்றம் சொல்ல ஆரம்பித்தான். சந்து இவ்வளவு அகலமாக எங்கே இருக்கிறது? எங்கள் சந்தில் எதிரே ஆள் வந்தால் ஒருத்தர் வாசற்படியில் ஏறி நிற்க வேண்டும். (ஆடுபவன் முதுகுக்குப் பின்னால் கேமரா வர இடம் வேண்டுமே, என்ன செய்வது.) ஏன் எல்லாரும் இவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள்? மும்பையில் எவன் நடக்கிறான்? துணி வெளுக்கிறார்கள், தகரம் தட்டுகிறார்கள், சரி. தோல் எங்கே, இட்லி எங்கே, தையல் மெஷின் சத்தம் எங்கே? "இவங்க சேரியில பாதிப் பேர் ரௌடி, மீதிப் பேர் சும்மா நிக்கறாங்க. எங்க ஏரியால சும்மா நின்னா எங்க அம்மாவே அடிக்கும்."

இத்தனை நாள் காலே எங்கே என்று தேடிக்கொண்டிருந்த என் பையனுக்கு, ஒரு மணி நேரத்தில் அவனைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அந்தப் பையன்தான். இனி அவன் போகிற வழியில் காத்திருக்க வேண்டியதுதான். 47 ஒரு மூலையில் பதுங்கி நிற்கிறார். பின்னால் வெள்ளைப் புள்ளியோடு ஒருத்தன் வருவதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயோ வர்றான் வர்றான்! டேய், பின்னால பாருடா!"

அந்தப் பையன் திரும்பியது திரையைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. "அங்கிள், நீங்க தமிழா?"

பிறகு மெதுவாக என் பையன் பக்கம் திரும்பினான். "ஏல, அப்ப நீயும் தமிழாலே?"

திரையில் சுடும் சத்தம் கேட்டது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஒன்றரை வருஷமாக ஒரே பெஞ்ச். தினமும் இடைவேளையில் அந்தப் பையன் போனில் அம்மாவோடு தமிழில் பேசுவானாம். ஃபீஸ் கட்ட யாரிடம் கேட்பது, அப்பா மறுபடி குடித்துவிட்டு வந்தாரா, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்காதே படிக்கட்டும் என்று, எல்லாம். பக்கத்தில் இருப்பவனுக்கு மொழி தெரியாது என்ற தைரியத்தில். என் பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு முகத்தை ஒன்றும் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"எல்லாம் புரிஞ்சிச்சா ஒனக்கு?" என்று கேட்டான். இவன் தலையை ஆட்டினான். அந்தப் பையன் கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். தங்கமணி பஜ்ஜித் தட்டோடு வாசலில் நின்றாள்.

ராத்திரி நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், ஏன்டா சொல்லவில்லை என்று. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னது ஹிந்தியில், நான் தமிழில் தருகிறேன்.

"ட்ரெயின்ல இருக்கும்போது பாட்டி போன் பண்ணா நீங்க என்ன சொல்வீங்க? 'பாத் மே கர்தா ஹூம்'ன்னு சொல்லிட்டு வெச்சுடுவீங்க. பாட்டிக்கு ஹிந்தியே தெரியாதுப்பா."

தெரியாதுதான். பிற்பாடு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "அதுவா, 'ட்ரெயின்ல இருக்கேன்'னுதானே அர்த்தம்?" என்றாள்.

பத்து நாள் அந்தப் பையன் வரவில்லை, காலேஜில் பெஞ்ச் மாறி உட்கார்ந்தானாம். பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பையன் தானே தாராவிக்குப் போகிறேன் என்றான். வழி தெரியாதே என்று நானும் கூடப் போனேன். (எனக்கும் தெரியாது, விசாரித்துக்கொண்டுதான் போனோம். தமிழில்.) மாடி ஏறுகிற இரும்பு ஏணியில் நான் திணறியதைப் பார்த்து அந்தப் பையனின் அம்மா கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். திருநெல்வேலிப் பக்கம். எந்த ஊரு, எந்தத் தெரு என்று பத்து நிமிஷம் என்னைக் குடைந்தெடுத்துவிட்டு, என் பையனிடம் "ஏன்யா இத்தனை நாளா வரலை, சாப்பிடுதியா?" என்றார். இவன் "சாப்பிடறேன்" என்றான். உடைந்த தமிழ். வீட்டுக்கு வெளியே அவன் தமிழ் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பையன் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஒன்றும் சரியாகிவிடவில்லை. ஆனால் இரண்டு தட்டில் இட்லி வந்தது, இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த பாகம் 2021இல் வந்துவிட்டது. 2023இல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வேறு பெயரும் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் இதே இரண்டு, இதே மும்பை. மும்பையில் 'சைலண்ட் அசாசின்' பட்டம் இதுவரை எங்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. அந்தப் பையன் இப்போது சி.ஏ. இன்டர் எழுதிக்கொண்டிருக்கிறான், சந்தேகம் கேட்க என்னிடம்தான் வருவான். இந்தத் தீபாவளிக்கும் வந்திருந்தான். அன்றைக்கு ஒரு மணி நேரம் எனக்குக் கன்ட்ரோலர் கிடைத்தது. பட்டனே கைக்கு வரவில்லை. எப்படியோ ஒரு காவலாளிக்குப் பின்னால் பூனை மாதிரி ஊர்ந்து போனேன், அவன் ஒரு பாத்ரூமில் கைகழுவிக்கொண்டிருக்கிறான், நான் நெருங்கிவிட்டேன்.

"மாமா, கண்ணாடி! கண்ணாடி!" என்று இரண்டு குரல். ஒரு குரல் "அப்பா" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். அவசரத்தில் அதுவும் "மாமா" என்றுதான் கத்தியது.