பெரியப்பாவுக்கு ஒரு தேதி

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு வெண்டைக்காய் கொண்டு போகிற நாளில், சரக்கை இறக்கிவிட்டு வாழை இலைக் கடை அண்ணனிடம் பத்து நிமிஷம் பேசாமல் திரும்ப மாட்டேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. போன ஆடியில் ஒரு நாள் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். "தம்பி, உன் பொண்ணு கம்ப்யூட்டர்ல எல்லாம் தேடுமாமே. இவரைத் தேடச் சொல்லேன்" என்றார்.

போட்டோவில் இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன். விமானப்படை உடுப்பு. அண்ணனுடைய அப்பாவுக்கு மூத்தவர், அதாவது இவருக்குப் பெரியப்பா. இரண்டாவது உலகப் போரில் போனவர் திரும்பவில்லை. 'காணவில்லை' என்று ஒரு தந்தி வந்தது. பிறகு 'இறந்ததாகக் கருதப்படுகிறது' என்று ஒரு கடிதம். அவ்வளவுதான்.

அந்தத் தந்தியை அண்ணனுடைய பாட்டி கடைசி வரை நம்பவில்லை. கருமாதி செய்ய விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஆள் சோறு கூடவே வடிப்பாராம். பாட்டி போன பிறகு அப்பா திதி கொடுக்கலாம் என்றார். எந்த நாளில் கொடுப்பது? செத்த தேதி யாருக்கும் தெரியாது. மகாளய அமாவாசையில் பொதுவாக எள்ளும் தண்ணியும் இறைத்ததோடு சரி.

நகரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். புதுச்சேரிதான் பிரெஞ்சுக்காரன் ஊராச்சே, இவர் எப்படி வெள்ளைக்காரன் படையில் சேர்ந்தார் என்று. எங்க பக்கம் எல்லை அப்படித்தான். ஒரு ஊர் பிரெஞ்சு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அடுத்த ஊர் பிரிட்டிஷ். அண்ணன் குடும்பத்தின் பூர்வீகம் கடலூர்ப் பக்கம். அதனால் பெரியப்பா இந்திய விமானப்படைக்குப் போனார். கடற்கரைச் சாலையில் இருக்கிற போர் நினைவுச் சின்னத்தில் இவர் பேரைத் தேடி அண்ணன் சின்ன வயசில் ஏமாந்திருக்கிறார். அது 1914 போருக்குப் போன பிரெஞ்சு இந்தியர்களுக்காகக் கட்டியது.

போட்டோவை உற்றுப் பார்த்த என் மகள்தான் முதல் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். சட்டையில் நெஞ்சுக்கு மேலே ஒரு இறக்கை. ஒரே பக்கம்தான், பாதி இறக்கை. விமானம் ஓட்டுகிறவருக்கு இரண்டு பக்கமும் இறக்கை இருக்கும். கூடப் பறக்கிற மற்றவர்களுக்கு ஒரு பக்கம்தான், பக்கத்தில் அவர் வேலையைக் குறிக்கிற எழுத்து இருக்கும். வழி பார்க்கிறவருக்கு 'என்', துப்பாக்கிக்காரருக்கு 'ஏஜி'. இவருடையது 'ஏஜி'. லீவில் வந்தபோது 'வெஞ்சன்ஸ்' என்று ஒரு விமானத்தின் பேர் சொன்னாராம். அது இரண்டு பேர் போகிற குண்டுவீச்சு விமானம். 1944-ல் பர்மா முனையில் நம்ம விமானப்படையின் 7-ஆம், 8-ஆம் ஸ்குவாட்ரன்கள் அதில்தான் பறந்தன. முன்னால் விமானி. பின்னால் துப்பாக்கியோடு, வால் பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொருவர்.

தேடுகிறபோது வேறு ஒரு கதையும் கையில் கிடைத்தது. அதைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

1944 ஜனவரி 25. சீனாவின் குன்மிங்கிலிருந்து அசாமில் இருக்கிற சாபுவாவுக்கு ஒரு அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் கிளம்பியது. பி-24 ரகம். 'ஹாட் ஆஸ் ஹெல்' என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். எட்டுப் பேர் இருந்தார்கள். பர்மா சாலையை ஜப்பான்காரன் பிடித்துவிட்டதால், சீனாவுக்குப் போகிற சரக்கெல்லாம் இமயமலைத் தொடருக்கு மேலே வானத்தில்தான் போய்க்கொண்டிருந்த காலம். மேகத்துக்குள் போன அந்த விமானம் வந்து சேரவில்லை.

அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 2006-ல், கிளேட்டன் கூல்ஸ் என்கிற அமெரிக்க மலையேறி அருணாசலப் பிரதேசத்தில் டம்ரோ என்கிற ஊர்ப் பக்கம் மலையில் அதன் உடைசலைப் பார்த்தார். இடத்தைக் காட்டிக் கூட்டிப் போனது உள்ளூர் ஆட்கள். வேட்டைக்குக் காட்டில் அலைகிறவர்களுக்கு அது முன்னமே தெரியும். அவர்களிடம் இடம் இருந்தது, பேர் இல்லை. அமெரிக்காவில் எட்டு வீட்டில் பேர் இருந்தது, இடம் இல்லை. இந்த இரண்டும் சந்திக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அந்த விமானத்தில் வழி பார்க்கிற வேலையில் இருந்தவர் இர்வின் ஜேட்ஸ். அவருடைய அண்ணன் தம்பி வழி மகன் கேரி ஜேட்ஸ், முகம் பார்த்திராத அந்த உறவுக்காக இரண்டு நாட்டு அரசாங்கத்துக்கும் வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். இடம் தெரிந்தும் வேலை நடக்கவில்லை. சீன எல்லைக்குப் பக்கம் என்பதால் அனுமதி இழுத்தது. 2015-ல்தான் அமெரிக்கக் குழு வந்து மண்ணைச் சலித்தது. கிடைத்தது 2016 ஏப்ரலில் டில்லியிலிருந்து விமானத்தில் போனது. 2017-ல் ஒருவரை அடையாளம் கண்டார்கள். ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டு, குண்டு போடுகிற வேலையில் இருந்தவர். ஜார்ஜியா மாநிலத்தில் கான்கார்ட் என்கிற அவருடைய சின்ன ஊரில் அடக்கம் செய்தார்கள். கேரி இத்தனை பாடுபட்டும் கிடைத்தது வேறொரு வீட்டுப் பிள்ளை.

இதை இலைக்கடை அண்ணனிடம் சொன்னேன். கட்டு பிரித்துக்கொண்டே கேட்டார். "அவராச்சும் ஊர் வந்து சேர்ந்தாரே, சரிதான்" என்றார். பொறாமையாகச் சொல்லவில்லை.

நம்ம ஆளுக்கு அந்த மாதிரி யாரும் மண்ணைச் சலிக்கப் போவதில்லை. ஆனால் கணக்கு இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஒன்று. இரண்டு உலகப் போரிலும் செத்த சுமார் 17 லட்சம் பேரின் பேர் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது. பார்க்கக் காசு கிடையாது. மகள் நாலு ராத்திரி தேடினாள். நம்ம பேரை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதலாம்! அப்பா பேர் முன்னால், இவர் பேர் பின்னால், 'சாமி'க்கு ஒரு எழுத்து, 'ஸ்வாமி'க்கு வேறு எழுத்து. கடைசியில் உதவியது அந்தப் பழைய கடிதத்தின் மடிப்பில் பாதி அழிந்திருந்த படை எண்தான். எண்ணைப் போட்டதும் ஒரே வரி வந்தது. பேர், விமானப்படை, 1944 பிப்ரவரியில் ஒரு தேதி.

மறுநாள் மார்க்கெட்டில் அந்தத் தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அண்ணன் அன்றைக்கே கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஐயரைப் பார்க்கப் போனார். பழைய பஞ்சாங்கத்தை வைத்துப் பார்த்துவிட்டார்கள். மாசி மாசம், தேய்பிறை. எண்பது வருஷம் கழித்து அந்த வீட்டில் முதல் திதி இந்த மாசியில். தலைவாழை இலைக்கு அவர் கடைக்கு வெளியே போக வேண்டியதில்லை.

வீட்டில் இந்த மாதிரி போட்டோ வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எண் எதுவாக இருந்தாலும் எழுதி வையுங்கள். பிரெஞ்சுப் படைக்குப் போனவர் என்றால், அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் 'மெமுவார் தெ ஜோம்' என்று இணையதளம் வைத்திருக்கிறது, அதில் தேடலாம். இங்கிலாந்தில் எல்விங்டன் தளத்திலிருந்து பறந்த இரண்டு பிரெஞ்சுக் குண்டுவீச்சு ஸ்குவாட்ரன்களும் இருந்தன. விவரம் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் இந்தப் பொங்கலுக்கே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு உதவி. தெற்கு, கிழக்கு ஆசியாவில் பறந்து காணாமல் போய், கல்லறை இல்லாத விமானப்படையினரின் பேரையெல்லாம் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவிடத்தின் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். நம்ம பெரியப்பா பேரும் அங்கேதான். எந்தப் பத்தி என்கிற எண் என்னிடம் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் சிங்கப்பூரில் யாராவது இருந்தால் எழுதுங்கள், பேரை அனுப்புகிறேன். ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். மாசிக்குள் வந்தால் திதி அன்றைக்கு விளக்குப் பக்கத்தில் வைப்பார்கள்.