கோடை விடுமுறையில் குமரிக்கு

மே மாதத்தில் டெல்லியின் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகையில் நம் இல்லத்துப் பிள்ளைகள் கடலைக் குறித்தே பேசுவர். நிஜாமுதீனிலிருந்து புறப்படும் திருக்குறள் விரைவு ரயில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் கடந்து கன்னியாகுமரியைச் சேர்கிறது. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. ஆகவே மே நடுவில் பயணம் செய்வோர் மார்ச் நடுவிலேயே ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பிள்ளைகள் அதில் நடந்து மகிழ்வர்.

ஆயினும் ஓர் எச்சரிப்பு. தொலைதூரப் பெருங்கடலில் வீசும் புயற்காற்றினால், இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே திடீரெனப் பேரலைகள் எழுவதுண்டு. இதனைக் கரையோர மக்கள் ‘கள்ளக்கடல்’ என்பர். 2024 மே 6 அன்று கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில், சுற்றுலா வந்த மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி மாண்டனர்.

டெல்லியில் வளர்ந்த நம் பிள்ளைகள் யமுனையை அறிவர், அலையை அறியார். உள்ளூர் மீனவரிடம் கேளாமல் அவர்களை நீரில் இறங்க விடாதிருங்கள். எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் மணலுக்கு அப்பால் நின்று கடலைக் காண்பதே போதுமானது. சென்ற அனைவரும் சுகமாய் வீடு திரும்புவதே நல்ல விடுமுறை.